கல்லில் உரித்த நார்

கல்லில் நார் உரிக்க முடியுமோ என்று கருமியைக் குறித்துக் கேட்பது நம்மவர் வழக்கம். முடியாத செயலுக்கு எடுத்துக்காட்டாக அதனைச் சொன்னார்கள். தொழில் உலகமோ முடித்தே காட்டிவிட்டது! கல்லிலிருந்து நார் உரித்தனர், அந்த நாரைச் சிமெண்டிலே குழைத்துத் தகடாக்கினர், தகட்டைக் கூரையாக்கினர். தமிழிலே கல்நார்; கடையிலே ஆஸ்பெஸ்டாஸ்.

நீலகிரிக்கு வாருங்கள். மழையும் பனியும் முறை வைத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டும் மலை அது. தோட்டத் தொழிலாளர்க்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நன்று. ஆனால் லைன் வீட்டுக்குக் கூரையைத் தேர்ந்தெடுப்பவர் அதன் கீழே உறங்குபவர் அல்லர். அதன்மேல் ஏறி வேய்பவரும் அல்லர்.

வேய்பவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். குன்னூரில் ஒரு மாதம், கோத்தகிரியில் மறு மாதம். ஒப்பந்தக்காரர் பலர்; ஊதியமோ நாட்கூலி. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அறுக்கிறார், ஆணிக்குத் துளையிடுகிறார், தூசி பறக்கிறது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த தகட்டை எடுக்கிறார். உடையாத தகடு தரும் இடர் குறைவு. அறுக்கும்போதும் உடைக்கும்போதும் நைந்து உதிரும்போதும்தான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலக்கின்றன. அன்று அவருக்கு இருமல் இல்லை, வலி இல்லை. நுரையீரலில் குடியேறிய இழைகளை அவர் அறியார்.

இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடுகின்றன. மூச்சு இரைக்கிறது. நுரையீரல் தழும்பேறி இறுகினால் அது ஆஸ்பெஸ்டோசிஸ். புற்றாக மாறினால் நுரையீரல் புற்று. நுரையீரலின் உறையைப் பற்றினால் மீசோதெலியோமா. கல்நாரின் எல்லா வகையும் புற்றுநோய் விளைப்பவை என்பது உலக நல நிறுவனத்தின் முடிவு. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் அதனைத் தடை செய்துவிட்டன. இந்தியாவிலோ வெள்ளைக் கல்நார் இன்னும் கப்பலேறி வந்து கூரையாகிக்கொண்டிருக்கிறது.

இருமுகிறவர் என்ன சொல்கிறார்? “என் தலையெழுத்து” என்கிறார். மலைக்குளிர் என்கிறார் அண்டை வீட்டார். விதியைப் பழித்தால் யாருக்கு ஆதாயம்? தலையில் எழுதியவர் எவருமில்லை. ஏட்டில் பெயரை எழுதாமல் விட்டவர்தாம் உண்டு!

இங்கேதான் அறக்கேள்வி எழுகிறது. தீங்கு மெல்ல வந்தால், பொறுப்பும் மெல்ல மறைந்துவிடுமா?

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் ஆஸ்பெஸ்டோசிஸ் இடம் பெற்றது. ஆயினும் வேலையை விட்ட இரண்டு ஆண்டுக்குள் நோய்க்குறி தோன்ற வேண்டும் என்றும் அச்சட்டம் கணக்கு வைத்தது. காலதாமதத்தைப் பொறுத்தருளும் அதிகாரம் ஆணையருக்கு இருந்தது. ஆனால் அது அருள், உரிமையன்று. நோய்க்கு முப்பது ஆண்டு, வழக்குக்கு இரண்டு ஆண்டு! 2025 நவம்பரில் அதன் இடத்திற்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்தது. சட்டத்தின் பெயர் மாறலாம். நுரையீரலின் கணக்கு மாறாது.

உச்சநீதிமன்றம் 1995-இல் இதை உணர்ந்தது. கல்நார்த் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலக் குறிப்பையும் வேலையில் சேர்ந்த நாள்முதல் நாற்பது ஆண்டு, அல்லது வேலை நீங்கியபின் பதினைந்து ஆண்டு, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றது. நோயுற்றவர்க்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. அதன் பொருள் என்ன? நோய் உறங்கும் காலம் முழுதும் சான்று விழித்திருக்க வேண்டும் என்பதே. ஆனால் தொழிற்சாலைக்கு ஏடு உண்டு. ஏணிக்கு ஏது ஏடு?

மறுப்பும் ஒன்று உண்டு, அதையும் கேட்போம். “பத்துப் பேரிடம் வேலை செய்தவர், எவரிடம் பட்ட தூசி என்று காட்டாமல் ஒருவரைப் பொறுப்பாக்குவது முறையா?” இதே கேள்வி பிரிட்டனில் எழுந்தது. எந்த இழை நோய் தந்தது என்று மருத்துவத்தால் சொல்ல முடியாதபோது, இடரைப் பெருக்கிய ஒவ்வொருவரும் பொறுப்பே என்று 2002-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பலர் சேர்ந்து செய்த தீங்கு எவருமே செய்யாத தீங்காகிவிடாது!

ஒரே முதலாளி, தெரிந்த தொழிற்சாலை, ஒன்றுபட்ட தொழிலாளர் எல்லாம் இருந்தும் நீதிக்கு எத்தனை நாள் ஆனது தெரியுமா? கொடைக்கானலில் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு உடன்பாடு கிட்டியது 2016-இல். பதினைந்து ஆண்டு! அப்படியானால் பெயரற்ற கூரைத் தொழிலாளிக்கு எத்தனை ஆண்டு?

ஆகவே கேட்போம். நோய் தெரிந்த நாளே காலக்கணக்கின் முதல் நாளாகட்டும். ஏணியில் ஏற்றுமுன் பெயரை ஏட்டில் ஏற்றட்டும். ஏடு வைக்காதவர், ஏடு இல்லை என்பதையே கேடயமாக்கித் தப்பலாகாது. “என்னிடம் படவில்லை” என்று மெய்ப்பிக்கும் சுமை அவர் தோளில் ஏறட்டும். பணம் மூச்சைத் திருப்பித் தராது என்பது உண்மை. ஆனால் இழப்பீடு என்பது உயிருக்கு விலையன்று. தவறு நடந்தது, செய்தவர் உண்டு என்ற ஒப்புதல். விதி என்று நம்பிச் சாகிறவருக்கு அந்த ஒப்புதலே முதல் நீதி.

கல்லிலே நார் உரிக்கக் கற்ற உலகம் இது. கருமியின் கையிலிருந்து நீதியை உரிக்க மட்டும் கல்லாது போகலாமா?