கடைசியாகத் திறந்த வகுப்பறை

ழகரத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாய் வேண்டும். நாக்கு எங்கே மடிகிறது, உதடு எவ்வளவு திறக்கிறது என்று டீச்சரின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சின்னப் பிள்ளை அந்த ஒலியைப் பிடிக்கிறது. லகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள வேறுபாடும் அப்படித்தான் விளங்குகிறது. 2021 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திறந்தபோது டீச்சரின் வாயும் மூடியிருந்தது, பிள்ளையின் வாயும் மூடியிருந்தது. கல்வராயன் மலைப் பள்ளிகளில் அன்று இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள், முந்தைய ஆண்டு பெயர் எழுதப்பட்டு, ஒருநாள்கூட ஒன்றாம் வகுப்பறைக்குள் போகாமல் மேல் வகுப்புக்கு வந்தவர்கள்.

அந்தப் பிள்ளையின் முகத்தில் துணியைக் கட்டியது நியாயமா? கேள்வி சின்னதாகத் தெரிகிறது. ஆனால், துணி யாருக்காகக் கட்டப்பட்டது என்று கேட்டால் பெரிதாகிவிடுகிறது. கொரோனா பெரும்பாலான குழந்தைகளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனது. ஆகவே பிள்ளை போட்ட முகக்கவசம் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பாட்டிக்காக, சர்க்கரை நோய் உள்ள ஆசிரியருக்காக, சத்துணவு சமைக்கும் அம்மாவுக்காகப் போடப்பட்டது. பிறருக்காகச் சிறிது சிரமப்படும்படி குழந்தையைக் கேட்பதில் தவறில்லை. பாட்டிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வா என்று சொல்லாத வீடு உண்டா? ஆனால் கேட்கிற பெரியவர்கள் தங்கள் பங்கை முதலில் செய்திருக்க வேண்டும். கேட்கப்படும் சிரமத்தால் உண்மையிலேயே யாருக்காவது பயன் இருக்க வேண்டும்.

பயனைப் பற்றி உலகம் ஒரே குரலில் பேசவில்லை. உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில், ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு முகக்கவசம் தேவையில்லை என்றன. ஆறு முதல் பதினொன்று வரை இடத்தையும் சூழலையும் பார்த்து முடிவு செய்யலாம், பன்னிரண்டுக்கு மேல் பெரியவர்களைப் போலவே போடலாம் என்றன. இந்தியாவின் வழிகாட்டு நெறிகளும் ஏறக்குறைய இதையே சொல்லின. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமோ இரண்டு வயதிலிருந்தே போடச் சொன்னது. கிருமி ஒன்றுதான், பிள்ளையின் மூக்கும் ஒன்றுதான். கோடு மட்டும் ஊருக்கு ஊர் மாறியது. ஆய்வுக்கூடத்தில் தீராத பாக்கியை ஒவ்வொரு சமூகமும் தன் மனச்சாட்சிப்படி தீர்த்துக்கொண்டது என்பதே இதற்குப் பொருள். நம் ஊரில் அதைத் தீர்த்தது மனச்சாட்சியா, சுற்றறிக்கையா என்பது வேறு விஷயம்.

துணியை எடைபோடும் முன் மூடிய கதவைப் பார்க்க வேண்டும். கல்வராயன் மலை இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 26 அன்று. மாவட்டத்துக்கு நான்கு மாதம் நிறைவதற்குள் பள்ளிகள் மூடப்பட்டன. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மேலே ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை என்று விரியும் கல்வராயன் மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மலையில் விளைச்சல் போதாத காலத்தில் பெற்றோர் எஸ்டேட் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வெளியூர் போகிறார்கள். பிள்ளைகள் பாட்டியிடமோ உண்டு உறைவிடப் பள்ளியிலோ இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைக்குப் பள்ளி என்பது பாடப்புத்தகம் மட்டும் அன்று. சோறு, முட்டை, படுக்கப் பாய், காய்ச்சல் வந்தால் கவனிக்க ஒரு பெரியவர். பள்ளியை மூடியபோது இவை எல்லாம் சேர்ந்து மூடின. அரிசியும் பருப்பும் வீட்டுக்குக் கொடுத்தார்கள், உண்மைதான். உலர்பொருளும் தட்டில் விழும் சூடான சோறும் ஒன்றாகுமா? அரசின் கல்வித் தொலைக்காட்சியிலும் போனிலும் பாடம் நடந்தது. டவர் எடுக்கும் மேட்டைத் தேடி நடக்க வேண்டிய ஊரில், வீட்டில் இருக்கும் ஒரே போனும் அப்பாவோடு வெளியூர் போய்விட்ட வீட்டில், பாடம் யாருக்குப் போய்ச் சேரும்?

மூடியது சரிதான் என்பவர்களின் வாதத்தையும் அதன் முழு பலத்தோடு கேட்க வேண்டும். மலையில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால் கீழே கொண்டுவர வேண்டும். உள்ளடங்கிய குக்கிராமமாக இருந்தால் சாலை வரைக்கும் தூக்கித்தான் வர வேண்டும். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதே 2022 ஜனவரி 12 அன்றுதான். அதற்குள் இரண்டு அலைகள் கடந்துவிட்டன. 2020 மே மாதம் சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்கள் மூலம் இந்த வட்டாரத்துக்கே தொற்று வந்து சேர்ந்ததை யாரும் மறக்கவில்லை. மருத்துவமனை தூரத்தில் இருக்கும் ஊர் கூடுதலாகப் பயப்படுவது கோழைத்தனம் ஆகாது. தொடக்கத்தில், கிருமியைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாத அந்த முதல் மாதங்களில், மூடியதைக் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டியது திறந்த வரிசையை.

மதுக்கடைகள் 2020 மே 7 அன்று திறந்தன. உயர் நீதிமன்றம் மறுநாளே மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் மே 16 அன்று மறுபடி திறந்தன. திரையரங்குகள் நவம்பர் 10 அன்று. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் 2021 ஜனவரி 19 அன்று. ஒன்பதும் பதினொன்றும் பிப்ரவரி 8 அன்று. பொதுத்தேர்வு இருக்கிறவர்கள் முதலில் வரட்டும் என்பதுதான் கணக்கு. பிப்ரவரி 25 அன்று ஒன்பது, பத்து, பதினொன்றுக்குத் தேர்வில்லாமலே தேர்ச்சி என்று அறிவிப்பு வந்தது. ஜூனில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் ரத்தானது. எந்தத் தேர்வுக்காக வரிசை வகுக்கப்பட்டதோ அந்தத் தேர்வை அந்த ஆண்டு ஒருவரும் எழுதவில்லை. வரிசை மட்டும் மாறவில்லை. மார்ச் 22 அன்று ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகள் மறுபடி மூடப்பட்டன. ஏப்ரல் 6 அன்று அதே வகுப்பறைகள் வாக்குச்சாவடிகளாகத் திறந்தன.

அந்தப் பிப்ரவரியில் மாநிலம் முழுவதற்கும் நாளொன்றுக்குப் புதிய தொற்று ஐந்நூறு அளவில் இருந்தது. மலைத் தொடக்கப் பள்ளிகளைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய பிள்ளைகள், தாழ்வாரம், மரநிழல், காற்றோட்டம். சென்னையில் காசு கொடுத்தாலும் கிடைக்காத இடைவெளி அங்கே சும்மா கிடந்தது. டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்றே சின்ன வகுப்புகளை முதலில் திறந்திருந்தது. திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநரும் 2021 ஜூலையில் சொன்னார். தமிழ்நாடு செப்டம்பர் 1 அன்று மறுபடி ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் தொடங்கியது. பெரிய பிள்ளை தானே படித்துக்கொள்ளும், போனைத் தேடிப் பிடிக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்குத்தான் ஆசிரியர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். எளிய விஷயம்தான். தேர்வு ஒன்றையே கல்வியாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது படவில்லை.

நூறாண்டுக்கு முன் நியூயார்க் நகரம் வேறு கணக்குப் போட்டது. 1918ஆம் ஆண்டு இன்புளூயன்சாவில் அமெரிக்க நகரங்கள் பல பள்ளிகளை மூடியபோது, அந்நகரச் சுகாதார ஆணையர் ராயல் கோப்லேண்ட் மூடவில்லை. நெரிசலான குடியிருப்புகளில் அடைந்து கிடப்பதைவிட, செவிலியர் கண்காணிக்கும் வகுப்பறையே பிள்ளைக்குப் பத்திரம் என்பது அவர் வாதம். அவர் செய்தது முழுக்கச் சரியா என்பதை வரலாற்றாசிரியர்கள் பேசட்டும். மூடினால் பிள்ளை எங்கே போகும் என்று அவர் கேட்டார், அதுதான் முக்கியம். கல்வராயனில் போன இடம் ஆட்டின் பின்னால், அல்லது பெற்றோரோடு வேலைத்தளத்துக்கு.

இந்த வெளிச்சத்தில்தான் ஒப்புதல் கடிதத்தையும் பார்க்க வேண்டும். பெற்றோர் எழுதிக்கொடுத்தால் பிள்ளை வரலாம் என்றது அரசு. கேட்கச் சனநாயகமாக இருக்கிறது. மறுக்க வழியுள்ளவர் கொடுப்பதுதான் ஒப்புதல். அப்பாவும் அம்மாவும் எஸ்டேட்டில் இருக்கும்போது பாட்டி வைக்கும் கைநாட்டு எந்த வகையில் ஒப்புதல்? பொறுப்பை அலுவலகத்திலிருந்து எடுத்துக் குடிசையில் வைத்துவிட்டு வந்ததற்கு அது ஒரு ரசீது, அவ்வளவே.

முகக்கவசத்துக்கும் இதே அளவுகோல்தான். அதைப் போட்டால்தான் கதவு திறக்கும் என்றால் போடலாம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் அதைக் கேட்பது நியாயம், சொன்னால் புரிந்துகொள்ளும் வயது. ஆறேழு வயதுப் பிள்ளையிடம் வற்புறுத்துவது நியாயமில்லை. மூக்குக்குக் கீழே தொங்கி, எச்சிலில் நனைந்து, பக்கத்துப் பிள்ளையோடு மாற்றிக்கொள்ளப்பட்ட துணி யாரையும் காக்கவில்லை. எழுத்துப் பாடம் நடக்கும் அரைமணி நேரத்துக்கு மரத்தடியில் தள்ளி உட்காரவைத்து, ஆசிரியர் தன் முகத்தைத் திறந்து காட்டினால் அது விதிமீறல் ஆகாது, கடமை. காது கேளாத, உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்ளும் பிள்ளை இருக்கும் வகுப்பில் அது இன்னும் பெரிய கடமை. உறைவிடப் பள்ளியின் நிலைமை இன்னொரு விதம். பகலெல்லாம் முகக்கவசம், இரவில் ஒரே கூடத்தில் பாயோடு பாய். அங்கே துணி சீருடையில் ஒரு பகுதி. பாதுகாப்பு வேண்டுமென்றால் கூடுதல் அறையும் ஜன்னலும் வேண்டும், சமையல் செய்பவருக்கும் வார்டனுக்கும் தடுப்பூசி வேண்டும். அவற்றுக்குப் பணம் செலவாகும். துணிக்குக் குழந்தையின் மூச்சு மட்டும்தான் செலவு.

இழந்ததை அளந்தும் பார்த்தார்கள். 2021 ஆகஸ்டில் பொருளாதார அறிஞர் ழான் திரேஸ் உள்ளிட்டோர் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் ஏழைப் பிள்ளைகளிடையே நடத்திய ஆய்வில், கிராமப்புறத்தில் 37 சதவீதம் பேர் படிக்கவே இல்லை. பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் அறிக்கையின்படி தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2022இல் ஐந்து பேர்கூட இல்லை. பத்து என்பதே பெருமைப்படும் எண் அல்ல. அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் 2021 அக்டோபரில் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கி, தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பியது. கிழிசல் இருப்பதை அரசே ஒத்துக்கொண்டு ஊசி நூலோடு வந்தது, பாராட்ட வேண்டிய காரியம்.

அடுத்த தொற்று என்றைக்கு வந்தாலும் வரட்டும். எதை முதலில் திறப்பது என்ற பட்டியலை இப்போதே எழுதி, ஒவ்வொரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் வைக்க வேண்டும். அதன் முதல் வரியில் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும். 2020 ஆகஸ்டில் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதப்பட்ட மலைப்பிள்ளை, இடையில் நிற்காமல் படித்து வந்தால், 2030இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும்.