கனவினுள் விழிப்பு

உயிர்க்கு நாடோறும் எய்தும் நிலைகள் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என ஐந்தாம் என்பது சைவ சித்தாந்தம் பயில்வார் அனைவரும் அறிந்ததே. இவற்றுள் கனவில் நிற்பவன் ஒருவன், அக்கனவு நீங்குமுன்னரே, 'நான் காண்பது கனவு' என்று தெளிதல் கூடுமோ? கூடுமாயின், அத்தெளிவு ஞானமாகுமோ? அத்தெளிவைக் கருவியாகக் கொண்டு கனவைத் தன் விருப்பின்படி நடத்துதல் முறையாகுமோ? அன்பர் சிலர் இவ்வினாக்களை நம்பால் பலகால் எழுப்பியதுண்டு. ஏட்டறிவு ஒன்றையே கொண்டு விடை கூற மனம் ஒருப்படாமையின், மூன்றாண்டு இதனைப் பயின்று பார்த்தோம். அப்பயிற்சியாற் கண்டதையும், அதன்கண் நாம் இழைத்த பிழையையும் ஈண்டுக் கூறுதும்.

கூடுமோ என்பதனை முதற்கண் ஆராய்வாம். ஒல்லாந்து நாட்டு மருத்துவரும் எழுத்தாளருமாகிய பிரெடெரிக் வான் ஏடன் என்பார், 1898 முதல் 1912 வரை தாம் கண்ட இத்தகைய கனவுகள் 352 எனக் கணக்கிட்டு, 1913 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உறங்கி எழுந்தவன் உரையை எங்ஙனம் நம்புவதென்னும் ஐயம் அப்பொழுது நீங்கிற்றில்லை. கனவு மிகுந்த உறக்கத்தில் கண்கள் மூடிய இமைக்குள் விரைந்து அசைகின்றன என்பது 1953 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ச்சியால் வெளியாயிற்று. அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு, 1975 இல் இங்கிலாந்தின் ஹல் நகரத்துக் கீத் ஹெர்ன் என்பாரும், பின்னர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்து ஸ்டீபன் லபெர்ஜ் என்பாரும், கனவென்று தெளிந்தவுடன் கண்களை இடமும் வலமுமாக அசைக்க வேண்டுமென்று உறங்குவாரோடு முன்னரே பேசிவைத்து, அக்குறிகளைக் கருவிகளிற் பதிவு செய்தனர். 2021 இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றிலோ, உறங்குபவன் ஒருவனை 'எட்டில் ஆறு போக எவ்வளவு?' என்று வினவ, அவன் உறக்கம் கலையாமலே கண்களை இருமுறை அசைத்து விடை தந்தான். ஆகவே இஃது உரையளவில் நின்றுவிடாது, கருதலளவையானும் துணியப்பட்டது.

இனி, இதனை எய்தும் வழி யாதெனின், கூறுதும். முதலாவது, கனவை நினைவிற் கொள்ளப் பழகுதல். விழித்தவுடன் புரண்டு படுக்காமல் அசைவற்றுக் கிடந்து, கண்ட கனவைக் கடையிலிருந்து முதல்வரை மீட்டு நினைந்து, பக்கத்தில் வைத்த ஏட்டில் எழுதிவிடல் வேண்டும். இரண்டாவது, பகற்காலத்திலேயே 'இது நனவோ, கனவோ?' என்று உண்மையாக ஐயுற்று ஆராய்தல். எழுதிய வரியொன்றை வாசித்து, முகந்திருப்பி, மீண்டும் வாசிக்க. நனவில் எழுத்து மாறாது, கனவில் பெரும்பாலும் மாறிவிடும். பகலில் வேரூன்றிய வினா இரவிலும் தானே எழும். மூன்றாவது, லபெர்ஜ் வகுத்த முறை. ஐந்து மணி நேரம் உறங்கியபின் எழுந்து, சிறிது பொழுது விழித்திருந்து, 'அடுத்த கனவைக் கனவென்று அறிவேன்' என்னும் கருத்தோடு மீண்டும் உறங்குதல். வைகறையில் எழுந்து திருவைந்தெழுத்தை எண்ணும் வழக்கமுடையார்க்கு இதன் பாதி எளிதே. உறக்கக் குறைவாலோ மனநோயாலோ வருந்துவார் இதனை மேற்கொள்ளற்க. உறக்கத்தைக் குலைத்து உடலை வருத்துதல் தவமாகாது.

இம்முறைகளைக் கைக்கொண்டு நான்கு திங்கள் ஆகியும் பயன் கண்டிலோம். ஐந்தாந் திங்களில் ஓர் இரவு, பேரூர்ப் படித்துறையில் நிற்பதாகக் கனவு கண்டோம். நொய்யலில் இருகரையும் புரள வெள்ளம் போயிற்று. 'சித்திரை மாதத்தில் நொய்யலில் வெள்ளமேது?' என்று ஓர் எண்ணம் எழுந்தது. எழுந்த அக்கணமே இது கனவென்பது தெளிவாயிற்று. நீரின் நிறம் ஒளிர்ந்தது. காலடிக் கல்லின் குளிர்ச்சி நனவினும் நன்கு தோன்றிற்று. பறக்க விரும்பினோம், பறந்தோம். பட்டீசர் திருக்கோயிற் கோபுரத்தைக் கீழே கண்டு வெள்ளியங்கிரி மலையை நோக்கிச் செல்கையில், உவகை மிகுதியால் விழிப்பு வந்துவிட்டது. அன்று பகல் முழுதும் பெரிதொன்றைப் பெற்றோம் போல இறுமாந்திருந்தோம் என்பதை மறைக்கவில்லை.

இத்தெளிவு துரியமே என்று கூறுவாரும் உளர். அது பொருந்தாது. நனவில் உயிர் புருவநடுவில் நின்று 35 கருவிகளோடு கூடித் தொழிற்படும். கனவில் அறிவுப்பொறி ஐந்தும் தொழிற்பொறி ஐந்தும் ஆகிய 10 கருவிகள் நீங்க, எஞ்சிய 25 கருவிகளோடு கண்டத்தில் நிற்கும். உறக்கத்தில் சித்தம், பிராணன், புருடன் என மூன்றே. பேருறக்கத்தில் பிராணனும் புருடனும் என இரண்டே. பேருறக்கத்தில் காணப்படுபொருளும் இல்லை. 'இது கனவு' என்று நிச்சயிக்கும் புத்தியும் இல்லை. நாமோ ஆற்றைக் கண்டோம்; மாதத்தை எண்ணினோம்; கனவென்று துணிந்தோம்; பறக்க விழைந்தோம். மனமும் புத்தியும் அகங்காரமும் சித்தமும் ஒருங்கே தொழில் செய்த நிலை அது. ஆகவே இது கனவின்பாற்பட்டதே. புத்தி சற்றுத் துலங்கிய கனவு என்க. புத்தி துலங்கினமையால் மலம் நீங்கிற்றென்று கொள்ளற்க. நனவில் புத்தி எத்துணைத் துலங்கியும் நம் ஆணவம் நீங்காதிருத்தலை அறிவோம் அன்றோ?

இஃது உண்மை என்பதனைப் பின்னொரு கனவு நமக்குக் கசப்பாகக் கற்பித்தது. நம் தந்தையார் நோயுற்றுக் கிடந்த இறுதி நாட்களில், பொதுக்கிணற்று நீரில் இளவலுக்கு ஒரு நாள் முறை கூட்டிக் கொடுக்குமாறு நம்மிடம் கூறினார். அவன் பங்கு மேட்டு நிலம். நீர் ஏறுவது அரிது. நாம் சினந்து, 'பாகம் பிரித்த பின்னர்ப் பேச என்ன இருக்கிறது?' என்று சுடுசொற் கூறி எழுந்து போனோம். நான்காம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். அச்சொல் பல்லாண்டு நம் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

பயிற்சி முதிர்ந்த இரண்டாம் ஆண்டில், அவர் தோட்டத்துத் திண்ணையில் அமர்ந்திருக்கக் கனவு கண்டோம். அவர் இறந்தமை நினைவுக்கு வரவே கனவென்று தெளிந்தோம். தெளிந்தவுடன் செய்தது யாது? அவரை வணங்கவில்லை. 'கனவு நம் வயத்தது' என்னும் செருக்கினால், அவர் வாயினின்று மன்னிப்பு வரவேண்டுமென்று விரும்பினோம். அவரும், 'நின் பிழையைப் பொறுத்தேன்' என்றார். கண்ணீர் மல்க விழித்தோம். ஒரு நாழிகை நெஞ்சு இலேசாயிற்று. அதன் பின்னரே ஒன்று புலனாயிற்று: நம் தந்தையார் அங்ஙனம் பேசுபவரே அல்லர். வாழ்நாளில் ஒருமுறையும் 'பொறுத்தேன்' என்று அவர் கூறக் கேட்டிலோம். சினம் தணிந்ததென்பதற்கு அவர் அறிந்த சொல், 'சாப்பிட்டயா, கண்ணு?' என்பது ஒன்றே. கனவில் வந்த சொல் நம் சொல், நம் நடை, நாமே நமக்கு எழுதிக் கொடுத்த விடுதலைச் சீட்டு. முள் முன்னினும் ஆழப் பாய்ந்தது.

பிழை எங்கே நிகழ்ந்தது? கனவில் தெளிவு பெற்றதிலன்று. தெளிவைக் கொண்டு தலைமை கொண்டதில். தாமே எல்லாமாய் நிற்கும் உலகில், மன்னிப்பதற்குப் பிறரொருவர் இல்லை. பிறர் இல்லாவிடத்து மன்னிப்பும் இல்லை; அன்பும் இல்லை; அருளும் இல்லை. நம் விருப்பத்திற்கு மாறாக ஒரு சொல்லும் கூற இயலாதவர் நம் தந்தையல்லர். நம் ஆணவம் உடுத்த வேடமே.

மாயாவாதம் கூறுவார்க்கும் இதனால் ஒரு விடை பெறப்படுகின்றது. கனவைக் கனவென்று அறிந்தாற்போல, நனவுலகையும் பொய்யென்று அறிந்து, காண்பானாகிய தானே பிரமமெனத் தெளிதலே வீடு என்பர். கனவுப் பொருளை நனவுப் பொருளுக்கு உவமையாக்குதல் கௌடபாதர் காரிகையிற் காணப்படுவதே. ஆயினும் நனவுக்காட்சி கனவு போன்றதன்று என்று பிரமசூத்திர உரையிற் சங்கரரே பௌத்தரை மறுத்தார். நாம் கேட்பது ஒன்றே. சித்திரையில் நொய்யலில் வெள்ளம் இல்லை என்பதை எதனால் அறிந்தோம்? நனவில் கண்ட நொய்யலால் அறிந்தோம். உள்பொருள் ஒன்று வெளியே நின்று அளவுகோலாக உதவியிராவிடில், கனவு கனவென்று தெரிந்திராது. அன்றியும், கனவில் நாமே எல்லாமாயிருந்தும் நம் துன்பத்தை நாமே தீர்த்துக்கொள்ள இயலவில்லை. பிரமமாகிய பொருளுக்கு இவ்வியலாமை எங்ஙனம் வந்தது? பிறிதொன்று அறிவிக்க அறிதலே உயிரின் இயல்பென்று மெய்கண்டார் நிறுவியது இங்கே நம் அநுபவத்தில் விளங்கிற்று.

கொங்குநாட்டு எளிய அடியார் இவ்வுண்மையை வாதமின்றியே கைக்கொண்டுள்ளனர். காங்கயத்தை அடுத்த சிவன்மலை முருகன் திருக்கோயிலில் 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி' என்று ஒன்று உண்டு. அடியார் ஒருவர் கனவில் ஆண்டவன் தோன்றி ஒரு பொருளைக் குறிப்பித்தால், அவர் அதனைக் கோயிலில் வந்து தெரிவிப்பர். கனவு கண்டார் கூறினார் என்னும் அளவில் அஃது ஏற்கப்படுவதில்லை. ஆண்டவன் திருமுன்னர்ப் பூக்கேட்டு, வெண்பூ வந்து உத்தரவு கிடைத்த பின்னரே, மண்ணாயினும் நீராயினும் அப்பொருள் பெட்டியில் வைக்கப்பெறும். வேறொருவர் கனவில் வேறொரு பொருள் குறிக்கப்படும்வரை அஃது அங்கிருக்கும். அவ்வழக்கின் பயனைப்பற்றி எவர் எவ்வாறு கருதினும், அதனுள் அடங்கிய பணிவு போற்றத்தக்கது. கனவு கண்டவன் தன் கனவுக்குத் தானே நடுவனாகான். தனக்குப் புறத்தே நிற்கும் தலைவனிடம் கேட்கவேண்டும். நாம் செய்யத் தவறியது இதுவே.

அற்றேல், இப்பயிற்சி வீணோ என வினவின், வீணன்று என்போம். எட்டுத் திங்கள் கழித்துத் தந்தையாரை மீண்டும் கனவிற் கண்டோம், கனவென்றும் அறிந்தோம். இம்முறை ஒன்றும் விரும்பவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அவர் திருவடியில் வீழ்ந்து வணங்கித் திருவைந்தெழுத்தை எண்ணினோம். அவர் நம்மைப் பாராமல் மேட்டு நிலத்தையே நோக்கியிருந்தார். விழித்தோம். அந்நோக்கு அவர் விடுத்த செய்தியோ, நம் மனச்சான்று வரைந்த ஓவியமோ என்று ஆராய்ந்து கொண்டிருக்கவில்லை. எதுவாயினும் செய்யவேண்டுவது ஒன்றே. பொழுது விடிந்ததும் இளவல் வீட்டிற்குச் சென்று, 'இனி வெள்ளிக்கிழமை முறைத்தண்ணீர் உனக்கு' என்றோம். அவன் நெடுநேரம் வாய் பேசாதிருந்தான். பின்னர் உட்பக்கம் திரும்பி, 'அண்ணனுக்கு இலை போடு' என்று தன் மனைவியாரை நோக்கிக் கூறினான். தந்தையார் சொல்லை அன்று வேறொரு வாயினின்று கேட்டோம். அது நாம் விரும்பி வருவித்ததன்று. ஆதலினாலே அது நம்மை ஆற்றிற்று.

கனவினுள் விழித்தலைப் பயில விரும்பும் அன்பர் பயில்க. ஆனால் அதனைச் சித்தியென்று கொண்டாடற்க, ஞானமென்று மயங்கற்க. நம் நெஞ்சிற் கிடக்கும் அழுக்கைக் காட்டும் கண்ணாடியாக மட்டும் அதனைக் கொள்க. நூல்கள் விதந்தோதும் சாக்கிராதீதம், கனவில் நனவாயிருத்தலன்று; நனவிலேயே கருவிகளின் வயப்படாது அருளின் வயப்பட்டு நிற்றலாம். அந்நிலைக்கு நம்மை நாமே எழுப்பிக்கொள்ள வல்லோமல்லோம். எழுப்புவான் ஒருவன் உளன். அவன் எழுப்புங் குரல் சிலபொழுது குருவின் வாயினின்றும், சிலபொழுது நாம் தீங்கிழைத்த உடன்பிறந்தான் வாயினின்றும் வரும். அதனைக் கேட்கச் செவி திறந்திருத்தலே நம்மால் ஆவது.

திருச்சிற்றம்பலம்.