ஊனுண்ணியை வளர்ப்போரின் அறம்

கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமயத்தார், ஊனன்றி வேறெதையும் உண்ணாத விலங்கொன்றை வளர்க்கலாமா, வளர்த்தால் அதற்கு இடும் இரையின் சாவு யார் கணக்கில் சேரும் என்பது பழைய கேள்வி. நாய்க்குச் சோறும் பாலும் இட்டு ஓரளவு வளர்த்துவிடலாம் என்பதால் அங்கே மழுங்கிப்போகும் இக்கேள்வி, இன்று கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கப்படும் ஆக்சோலாட்டலின் முன்னே தன் முழுக் கூர்மையோடு நிற்கிறது. மெக்சிகோ நகரத்துச் சோச்சிமில்கோ கால்வாய்களைத் தாயகமாகக் கொண்ட இவ்வுயிர் சாலமாண்டர் எனப்படும் வாலுள்ள இருவாழ்விகளுள் ஒன்று. வளர்ந்த பின்னும் இளம்பருவத்துச் செவுள்களை இழக்காமல் வாழ்நாளை நீருக்குள்ளேயே கழிப்பது. பற்கள் மிகச் சிறியவை ஆதலால் இரையை மெல்லாமல், வாயைச் சட்டெனத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சி விழுங்குவது.

சமண மரபில் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தார் ஏற்கும் கொல்லாமை நோன்புக்கு நேரும் வழுக்கள் ஐந்தினை எண்ணுகிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவற்றுள் முதலாவதும் கடைசியும் தொட்டிக்கு நேரே பொருந்துகின்றன. அடைத்துவைத்தது ஒரு வழு என்றால், அடைத்தபின் கொலைக்கு அஞ்சி இரையை மறுப்பது இன்னொரு வழு. அடைபட்ட விலங்கு தன் இரையைத் தானே தேட இயலாது என்பதால், அதைப் பட்டினி போடுவது கொல்லாமை ஆகாது, கொலையை மெதுவாக்குவதே ஆகும். ஆகவே வளர்ப்பவரின் பொறுப்பு முதற்புழுவை இடும் நாளில் தொடங்குவதில்லை, விலங்கை விலைகொடுத்து வாங்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

வாங்கிவிட்டவருக்கு எஞ்சுவது எந்த இரை என்னும் கேள்வி. தொல்காப்பிய மரபியலைப் போலவே சமணரும் உயிர்களைப் புலனறிவின் எண்ணிக்கையால் வகுத்தனர். அவ்வகையில் தொடுதலும் சுவைத்தலும் மட்டுமே உடைய புழு ஈரறிவு உயிர், மீன் ஐயறிவு உயிர். புரதம் மிகுந்ததும் உடல் மென்மையானதும் எளிதில் விழுங்கத்தக்கதுமான மண்புழுவே ஆக்சோலாட்டலின் அன்றாட உணவுக்கு மிகப் பொருத்தமானது என்று வளர்ப்புத் துறையினர் கூறுவதால், விலங்கின் நலமும் அறநூலின் ஏணியும் இங்கே ஒரே புழுவைச் சுட்டுகின்றன. உயிருள்ள புழுவைத் தொடக் கூசி உருண்டைத் தீவனத்தை நாடுவோர் ஒன்றைக் கருதிப் பார்க்கவேண்டும்: அத்தீவனத்தின் முதன்மைப் பொருள் பெரும்பாலும் மீன்தூள். தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்னும் மூன்றையும் வினையாகவே சமணம் கொள்வதால், கண்ணுக்கு மறைந்த கொலை கணக்கிலிருந்து மறைவதில்லை. ஈரறிவு உயிரைத் தவிர்க்கப் புறப்பட்டவர் தம்மை அறியாமலே ஐயறிவு உயிரிடம் சென்று சேர்கிறார்.

எண்ணிக்கையைக் கொண்டும் வாதிடலாம். ஒரு மண்புழுவுக்கு ஈடாக, பிளட்வார்ம் எனப்படும் சிவந்த ஈயினப் புழுக்களை உறையவைத்து விற்கும் கட்டியைக் கரைத்து இட்டால், ஒரே வேளையில் எண்ணற்ற உயிர்கள் செலவாகின்றன. ஆயினும் இவ்வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. பல உயிர்களைக் காப்பதற்காக ஆண்டுக்கு ஒரே யானையைக் கொன்று உண்பதாகச் சொன்ன துறவியரைச் சமண ஆகமமான சூத்திரகிருதாங்கம் காட்டி, ஓருயிரைக் கொல்பவரும் கொலையினின்று நீங்கியவர் ஆகார் என்று மறுக்கிறது. எண்ணிக்கை குறைந்தால் குற்றம் குறையும், அழியாது.

தேவையான உணவுக்குக் கூறும் இந்நியாயம் எதுவும் அவ்வப்போது இடும் சிறப்புத் தீனிக்குப் பொருந்துவதில்லை. மெழுகுப்புழு கொழுப்பு மிக்கது. மாட்டிதயத்தின் கொழுப்பு இவ்விலங்குக்கு எளிதில் செரிப்பதில்லை. உயிரோடு விடும் சிறுமீன் ஒட்டுண்ணிகளையும் நோயையும் கொண்டுவருவதோடு செவுளையும் கடித்துக் குதறக்கூடும். வளர்ந்த ஆக்சோலாட்டலுக்கு வாரத்தில் இரண்டு மூன்று வேளை உணவே போதும் என்னும்போது, இவற்றை இடுவது பெரும்பாலும் அதன் பசிக்காக அன்று, இரை பாயும் காட்சியை விரும்பும் வளர்ப்பவரின் கண்ணுக்காகவே. தேவையின்றிச் செய்யும் தீங்கைச் சமண இல்லற நூல்கள் அனர்த்ததண்டம், அதாவது பயனற்ற தண்டனை, எனத் தனியே பெயரிட்டு விலக்கின. நத்தைக்கறித் துண்டு, இறால் துண்டு போன்றவற்றை உணவில் மாற்றம் வேண்டி எப்போதேனும் சிறிதளவு இடுவது விலங்கின் நலத்துக்குள் அடங்கும். அதற்கு அப்பாற்பட்டது வேடிக்கை.

புழுவை இட மனம் ஒவ்வாதவர் இவ்விலங்கை வாங்காதிருப்பதே நேர்மை. வாங்கியவர் அதைப் பசியாற ஊட்டுவது கடமை. ஊட்டுவதைப் பொழுதுபோக்காக்குவது மட்டும் எந்த அறத்தாலும் காக்க இயலாதது.