கூட்டலும் தீர்ப்பும்

மதிப்பீடு என்ற சொல்லை நம் விமர்சனத்தில் சர்வ சாதாரணமாக உபயோகித்து வருகிறோம். அது ஒரு கூட்டலா, ஒரு தீர்ப்பா என்று நின்று கேட்பவர்கள் குறைவு. இந்தக் கேள்வியை இலக்கியத்துக்குள்ளேயே வைத்துப் பேசினால், யார் எந்த அணி என்பதில் போய் விவாதம் முடிந்துவிடும். ஆகவே வேறொரு இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: செஸ் ஆடும் கம்ப்யூட்டர். அங்கே ஒரு மதிப்பீடு தவறு என்றால் அதைத் தவறு என்று நிரூபித்துக் காட்ட முடியும். கவிதைக்கு இந்த வசதி இல்லை.

கம்ப்யூட்டரைச் செஸ் ஆட வைப்பது எப்படி என்று 1950இல் க்ளாட் ஷானன் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. ராணி 9, யானை 5, பிஷப் 3, குதிரை 3, சிப்பாய் 1. ராஜா போனால் ஆட்டமே போயிற்று என்பதால் அதற்கு 200. சில நகர்த்தல்கள் முன்னால் பார். பார்வை நிற்கிற இடத்தில் இரு தரப்புக் காய்களையும் கூட்டிக் கழி. நகரும் சுதந்திரத்துக்கும் சிப்பாய்களின் பலவீனங்களுக்குமாகக் கொஞ்சம் ஏற்றி இறக்கிக்கொள். பெரிய எண் வரும் பாதையில் போ. பின்னால் வந்த ப்ரோக்ராம்கள் இந்தக் கூட்டலை மிக நுட்பமாக்கின. ஆனால் வெகுகாலம் அது கூட்டலாகவே இருந்தது.

இப்போது ஓர் இறுதியாட்டம். வெள்ளையிடம் ஒரு பிஷப், பலகையின் ஓர வரிசையில் ஒரு சிப்பாய். கறுப்பிடம் ராஜா மட்டும். பட்டியல்படி வெள்ளை 4 புள்ளி முன்னால். ஆனால் சிப்பாய் ராணியாக வேண்டிய மூலைக் கட்டம் பிஷப் நடமாடும் நிறத்தில் இல்லாமலிருந்து, அந்த மூலையில் கறுப்பு ராஜா போய் உட்கார்ந்தும் விட்டால் ஆட்டம் டிரா. அவனை அங்கிருந்து கிளப்ப முடியாது. மிகவும் நெருக்கினால் ஸ்டேல்மேட். வெள்ளைக்கு அதே நிறத்தில் இன்னொரு பிஷப்பைத் தானமாகக் கொடுத்தாலும் கணக்கு 7 ஆகுமே தவிர டிரா டிராதான். இந்த விதிவிலக்கைத் தனியாகச் சொல்லிக் கொடுக்காத ப்ரோக்ராம், கையிலிருக்கும் நல்ல நிலையை விட்டுவிட்டு இதை நோக்கி உற்சாகமாக நடக்கும்.

2017இல் ரோஜர் பென்ரோஸின் பெயரால் வெளியான புதிர் இதைவிட விஸ்தாரமானது. கறுப்புக்கு ராணி, இரண்டு யானைகள், மூன்று பிஷப்புகள்: சிப்பாய்களைச் சேர்க்காமலே 28 புள்ளி. வெள்ளைக்கு ராஜாவும் நான்கு சிப்பாய்களும் மட்டும். கம்ப்யூட்டர்கள் கறுப்பின் வெற்றியைப் பெரிய எண்களில் அறிவித்தன. ஆனால் ராணியும் யானைகளும் பலகையின் ஒரு பக்கத்தில் சிப்பாய்களின் சுவருக்குப் பின்னால் சிறைப்பட்டிருக்கின்றன. மூன்று பிஷப்புகளும் கறுப்புக் கட்டங்களில் மட்டுமே நடப்பவை. வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களில் உலாவிக்கொண்டிருந்தால் போதும். வெள்ளைச் சிப்பாய்களின் வாய்க்கு நேரே இரண்டு யானைகளும் நிற்கின்றன. வெட்டினால் 5 புள்ளி லாபம். வெட்டினால் சுவரும் உடையும். வெட்டாமலிருப்பதே வெள்ளையின் ரட்சிப்பு.

இங்கே யந்திரத்துக்குப் போதாமல் போனது கணக்குத் திறன் அல்ல. உடைமையைச் சக்தி என்று அது எடுத்துக்கொண்டுவிட்டது. 28 புள்ளி இருக்கிறது. அதை வைத்து ஒன்றும் செய்வதற்கில்லை. 'இங்கே எதுவும் நடக்கப்போவதில்லை' என்பது எத்தனை நகர்த்தல்களைப் பார்த்தாலும் அவற்றில் ஒன்றாக வந்து நிற்காது. அது முழு நிலையையும் பற்றிய ஒரு வாக்கியம்.

இன்னும் அடிப்படையான விஷயம் ஒன்று உண்டு. செஸ்ஸில் ஒரு நிலையைப் பற்றிய உண்மைகள் மூன்றுதான்: வெற்றி, டிரா, தோல்வி. '1.7 முன்னால்' என்றொரு நிலை பலகையில் கிடையாது. அந்த எண் பார்ப்பவனின் அறியாமைக்கு இட்ட பெயர். 2020க்குப் பிறகு ஸ்டாக்ஃபிஷ் போன்ற ப்ரோக்ராம்கள், கையால் எழுதிய பட்டியலுக்குப் பதில் லட்சக்கணக்கான நிலைகளிலிருந்து தாமே கற்றுக்கொண்ட மதிப்பைப் பயன்படுத்துகின்றன. 2022 முதல் ஸ்டாக்ஃபிஷ்ஷில் 1 என்ற எண்ணுக்கு ஒரு சிப்பாய் என்று அர்த்தமில்லை. வெல்வதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று அர்த்தம். இது முன்னைவிட நேர்மையான எண். எண் என்பது மாறவில்லை. நடு ஆட்டத்தில் உண்மை வெகுதூரத்தில் இருப்பதால் எந்த எண்ணையும் யாரும் சுலபமாக மறுத்துவிட முடியாது. இறுதியாட்டத்தில் உண்மை எதிரே வந்து நிற்கிறது. தவறு அங்கே பிறப்பதில்லை, அங்கே பிடிபடுகிறது.

பிடிபடாமலிருக்க யந்திரம் செய்த காரியம் ஒன்றுக்கு 1973இல் ஹான்ஸ் பெர்லினர் 'தொடுவான விளைவு' என்று பெயரிட்டார். ஒரு காய் எப்படியும் பறிபோகப் போகிறது. யந்திரம் எட்டு நகர்த்தல் தூரம்தான் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு சிப்பாயை அநாவசியமாகப் பலி கொடுத்தால் எதிரி அதை எடுக்க ஒரு நகர்த்தல் செலவழிப்பான்; நஷ்டம் எட்டைத் தாண்டிப் போய்விடும்; தாண்டியது இல்லாததாகிவிடும். இப்படியே ஒவ்வொரு சிப்பாயாக. பழைய கடனின் வட்டியைக் கட்ட அதே ஆளுக்குப் புதுக் கடன் கொடுத்து, கணக்கு முடிக்கும் தேதியன்று பேரேட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் வித்தையை வங்கியில் வேலை பார்க்கும் எவனும் அறிவான். திரும்பி வராத அந்தத் தொகையும் ஆஸ்தி என்ற தலைப்பின் கீழ்தான் உட்கார்ந்திருக்கும். யந்திரத்துக்கு வஞ்சக எண்ணம் கிடையாது. பார்வைக்கு ஒரு எல்லையும் அந்த எல்லையில் ஒரு கூட்டலும் இருந்தால் போதும். எண்ணமில்லாமலே வஞ்சகம் நடக்கிறது.

'பார்த்தீர்களா, யந்திரத்துக்கு உள்ளுணர்வு இல்லை' என்று சந்தோஷப்படுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஷானனின் பட்டியல் நம் செஸ் புத்தகங்கள் மாணவனுக்குச் சொல்லி வந்ததுதான். இரண்டு பிஷப்புக்கு எதிராக ஒரு குதிரை, வேறு காய்கள் இல்லை: இதில் குதிரைக்காரன் ஒரு கோட்டை கட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று க்ளிங்கும் ஹோர்விட்ஸும் 1851இல் சொன்னார்கள். செஸ் உலகம் அதை நம்பியது. 1983இல் கென் தாம்ப்ஸன் எல்லா நிலைகளையும் கம்ப்யூட்டரில் கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, பொதுவாக அது பிஷப்புகளின் வெற்றி என்று காட்டினார். 132 வருஷம் மனித உள்ளுணர்வு தவறாகத் தீர்ப்பளித்துக்கொண்டிருந்திருக்கிறது. 2018க்குள் பலகையில் 7 காய்கள் வரையுள்ள எல்லா நிலைகளுக்கும் இப்படி அட்டவணை தயாராகிவிட்டது. அதற்குள் தவறுக்கே இடமில்லை.

ஆனால் அந்த அட்டவணை தீர்ப்புச் சொல்வதில்லை. அது விடையை வைத்திருக்கிறது. ஏன் வெற்றி என்று கேட்டால் நகர்த்தல்களை ஒப்பிக்கும். க்ளிங்கும் ஹோர்விட்ஸும் தவறினார்கள். ஆனால் காரணம் சொன்னார்கள். காரணம் சொன்னதால்தான் எங்கே தவறினார்கள் என்று சுட்டிக்காட்ட முடிந்தது. தீர்ப்பு என்பது பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவன் சொல்வது. இந்தக் கடமை கூட்டலுக்கும் இல்லை, அட்டவணைக்கும் இல்லை.

கடமையைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1997 மே மாதம் நியூயார்க்கில் நடந்ததே உதாரணம். டீப் ப்ளூவோடு ஆடிய இரண்டாவது ஆட்டத்தில், வெள்ளையின் 45ஆவது நகர்த்தலைப் பார்த்ததும் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். தொடர்ந்து செக் கொடுத்து டிரா செய்ய அங்கே வழி இருந்தது என்று பிறகு ஆய்ந்தவர்கள் காட்டினார்கள். யந்திரம் அதைத் தவறவிட்டிருந்தது. விநாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கும் ஒன்று இதைப் பார்க்காமலா இருந்திருக்கும் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். நிலையை மதிப்பிடுவதற்குப் பதில் எதிராளியின் மதிப்பீட்டை மதிப்பிட்டார். யந்திரத்தின் பிழை ஒரு பிழைதான். அது தோல்வியாக மாறுவதற்கு ஒரு மனிதனின் சம்மதம் தேவைப்பட்டது.

விமர்சனத்திலும் நாம் பட்டியல் போடுகிறோம்: படிமம் இத்தனை, சமூகப் பார்வை இத்தனை, மொழிப் பிரக்ஞை இத்தனை. 28 புள்ளியும் இருந்து, சுவருக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் கவிதைகள் உண்டு. ஒரு ராஜாவும் நான்கு சிப்பாய்களுமாகப் பிழைத்துக் கிடக்கும் கவிதைகளும் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முழுப் பலகையையும் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு, தவறினால் தவறு என் தலையில் விழும்படியாக என் காரணத்தை எழுதிவைக்க வேண்டும்.