வேகமும் வரம்பும்

வேகத்தை நாடுவதையே நோக்கமாகக் கொண்ட ஒரு விளையாட்டிற்கு வேக வரம்பு விதிப்பது பொருந்துமா? 'விரைந்து செல்க' என ஒருபுறம் களம் அமைத்துக் கொடுத்துவிட்டு, 'இதற்குமேல் செல்லற்க' என மறுபுறம் தடுப்பது முரண் அன்றோ? மேலோட்டமாக நோக்குவார்க்கு இவ்வினா வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின், மனிதனின் சுதந்திரம், அவனது பொறுப்பு, தன் உயிரின்மேல் அவனுக்குள்ள உரிமை ஆகிய மூன்றும் இவ்வொரு வினாவினுள் அடங்கியுள்ளன. ஆகவே, இதனைச் சற்று ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்தில் பான்வில் என்னும் உப்புச் சமவெளி உள்ளது. பண்டைய ஏரி ஒன்று வற்றியதால் உண்டான அவ்வெண்ணிறப் பரப்பில், 1949ஆம் ஆண்டு தொடங்கிய 'வேக வாரம்' என்னும் நிகழ்ச்சி கோடைதோறும் நடத்தப்பெறுகிறது. இங்கு வருவோருள் பெரும்பாலோர் தொழில்முறை வீரர் அல்லர்; தம் இல்லத்துக் கொட்டகையில் தாமே உருவாக்கிய வண்டிகளைக் கொண்டுவரும் ஆர்வலர்கள். பரிசுப் பணம் என்று ஒன்றில்லை. ஏட்டில் பதிவாகும் ஓர் எண்ணே அவர்கள் பெறும் பேறு. நியூசிலாந்தைச் சேர்ந்த பர்ட் மன்றோ என்பார், 1920இல் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பல்லாண்டுகள் தாமே திருத்தியமைத்து, 1967இல் தம் 68ஆம் வயதில், மணிக்கு 183 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் அதனை இவ்வெளியில் ஓட்டிச் சாதனை நிறுவினார்.

இவ்விளையாட்டு தொடக்கத்தில் இத்தகைய ஒழுங்குடன் நடைபெறவில்லை. 1930களில் கலிபோர்னியாவின் மியூராக் என்னும் வறண்ட ஏரிப்படுகையில், இளைஞர்கள் பல வண்டிகளை அருகருகே நிறுத்தி ஒருசேர விரட்டினர். முன்செல்லும் வண்டி எழுப்பிய புழுதியில் பின்வருவோர் கண் தெரியாது ஓட்டினர். விபத்துகள் நேர்ந்தன. இந்நிலையில், 1937இல் பல ஓட்டுநர் மன்றங்கள் ஒன்றுகூடி, தென் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்னும் அமைப்பை நிறுவின. வேகத்தை விரும்பியவர்களே வேகத்திற்கு விதி வகுத்தனர் என்பது ஈண்டுக் கருதற்பாலது.

அவ்விதிகள் யாவை? ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டியே ஓடும். ஓடுமுன் வண்டி முழுவதும் சோதிக்கப்பெறும். தலைக்கவசம், தீப்பற்றாத உடை, இருக்கைப் பட்டைகள், வண்டி உருண்டாலும் நசுங்காத இரும்புக் கூண்டு, தீயணைப்பான், அதிவேக வண்டிகளுக்கு நிறுத்தும் பாராசூட் ஆகியன வேண்டும். முழு உடையுடன் பட்டைகளால் பிணிக்கப்பட்ட ஓட்டுநர், பிறர் துணையின்றி விரைந்து வெளியேறவும் காட்ட வேண்டும். உள்ளே புகும் ஆர்வம் உடையார்க்கு வெளியேறும் வழியை முதலில் கற்பிக்கும் விதி இது!

இவற்றினும் சிறந்தது உரிம முறை. வண்டி 300 மைல் வேகம் செல்ல வல்லதாயினும், புதியவர் முதல் நாளே அவ்வாறு ஓட்ட இயலாது. 150, 175, 200, 250, 300 எனப் படிகள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் ஒழுங்காக ஓட்டிக் காட்டி, அதற்குரிய உரிமம் பெற்ற பின்னரே அடுத்த படி. வரம்பு இங்கு வண்டியின் ஆற்றலுக்கு அன்று, ஓட்டுபவரின் பக்குவத்திற்கே.

இங்கு ஒரு மறுப்பு எழும். 'உயிர் என்னுடையது, அதனை இழக்கும் உரிமையும் என்னுடையதே, தடுக்க நீர் யார்?' என்பர் சிலர். இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. வெற்றுவெளியில் தனியே ஓடுபவன் பிறர்மீது மோதப் போவதில்லை. ஆயினும், எரியும் வண்டியை நோக்கி ஓடுபவர் யார்? பெரும்பாலும் ஊதியமின்றிப் பணிபுரியும் தொண்டர்களே. வீட்டில் காத்திருப்போர் யார்? அவனைப் பெற்றோரும், மணந்தவளும், மக்களுமே. உயிர் ஒருவனுடையதாயினும் அதன் இழப்பு ஒருவனுடையது அன்று.

1956இல் பீட் ஸ்னெல் என்னும் ஆர்வலர் கார்ப் பந்தயத்தில் தலையில் அடிபட்டு மாண்டார். அவர் அணிந்திருந்த தலைக்கவசம் அவரைக் காக்கவில்லை. நண்பர்கள் அழுததோடு அமையாது, 1957இல் அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை நிறுவித் தலைக்கவசங்களைச் சோதித்துத் தரம் வகுத்தனர். இன்று உப்புவெளியில் ஓடுவோர் அணிவது அத்தரச் சான்று பெற்ற கவசமே. விதியை வெறும் கட்டளை என எண்ணுவோர், அதன் பின்னே நிற்கும் துயரை அறியார்.

அறம் பயின்ற நமக்கு இக்கருத்துப் புதிதன்று. உயிர்க்கு ஊறு செய்வதன் வேர் கருத்தின்மையாகிய பிரமாதமே என்பது நம் ஆசாரியர்களின் துணிபு. ஐந்து சமிதிகளுள் முதலாவதாகிய ஈர்யா சமிதி, முன்னுள்ள நிலத்தை நோக்கி நடக்க முனிவரைப் பணிக்கிறது. இல்லறத்தார்க்கும் பதினொரு படிநிலைகள் வகுக்கப்பெற்றுள்ளன. ஒரு படியில் நிலைபெறாதார் மறுபடி ஏறுதல் இல்லை. முனிவர் பிற உயிர்களைப் பேணவே அடியை அளந்து வைக்கிறார். பந்தய வீரரோ புகழை நாடி ஓடுகிறார். இவ்விரண்டும் ஒன்றல்ல. எனினும், விழிப்பு இரண்டிற்கும் வேண்டும்.

விதிகளைப் பேணினால் தீங்கே வாராதோ? வாரும். வேறொரு களமாகிய ஆரிகன் மாநிலத்து ஆல்வோர்டு பாலைநிலத்தில், 2019 ஆகஸ்டு 27 அன்று, பெண்களுக்குரிய வேகச் சாதனையை நாடிய ஜெசி கோம்ஸ் என்னும் தேர்ந்த வீராங்கனை உயிரிழந்தார். தரையில் கிடந்த பொருள் ஒன்றில் மோதி முன்சக்கரம் பழுதுற்றிருக்கலாம் என விசாரணையில் கூறப்பட்டது. அவர் எட்டிய 522 மைல் வேகம் பின்னர்ச் சாதனையாக ஏற்கப்பட்டது. அதனை அறிய அவர் இல்லை. ஓர் எண்ணுக்காக உயிரைப் பணயம் வைத்தல் தகுமா என்னும் வினாவிற்கு எந்த விதிநூலும் விடை தாராது. விதி அறியாமையையும் அலட்சியத்தையும் நீக்கும், நோக்கத்தைத் தூய்மையாக்காது. அது அவரவர் நெஞ்சம் தீர்க்க வேண்டிய வழக்கு.

ஆயினும், பான்வில் நமக்கு ஒரு நற்சான்றும் தருகிறது. 2014இலும் 2015இலும் தடம் தகுதியற்றிருந்தமையால் வேக வாரம் கைவிடப்பட்டது. ஓராண்டு உழைத்து வண்டி சமைத்தவர்கள் ஓட்டாது விட்டனர். முழு வேகத்தில் செல்லும் துணிவு பலர்க்கு உண்டு. செல்லும் ஆற்றல் இருந்தும் 'இன்று வேண்டா' எனத் திரும்பும் துணிவு சிலர்க்கே உண்டு. பின்னதே பெரிது.

ஆதலின், வரம்பு வேகத்தின் பகை அன்று. வரம்பை அறிந்தவனே தன் வேகத்திற்குத் தலைவன். அறியாதவன் அதற்கு அடிமை. சிந்தித்துத் தெளிவோமாக.