வேடந்தாங்கல் கவுல்

விமானி வேலை என்றதும் வெளியில் இருக்கும் நமக்குச் சம்பளம்தான் நினைவுக்கு வருகிறது. அவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வது வேறு: எந்த விமானம் ஓட்டுகிறாய், பட்டியலில் எத்தனையாவது ஆள்?

முதல் கேள்வி எவ்வளவு கனமானது என்பதற்கு நம் ஊர்க் கதையே இருக்கிறது. 2005 அக்டோபரில் சென்னையை மையமாக வைத்து பாரமவுண்ட் ஏர்வேஸ் பறக்கத் தொடங்கியது. பிரேசிலில் தயாராகும் எம்ப்ரேயர் 170, 175 விமானங்கள். மதுரைக்கும் கோவைக்கும் போகிறவர்கள் அதன் விசாலமான இருக்கைகளை இன்றும் சொல்வார்கள். 2010இல் விமானங்களை வாடகைக்குக் கொடுத்தவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ள, கம்பெனி நின்றுபோனது. அன்றைக்கு இந்தியாவில் அந்த ரக விமானத்தைப் பயணிகளுக்காக ஓட்டிய வேறு கம்பெனி கிடையாது. 2013இல் விஜயவாடாவின் ஏர் கோஸ்டா வரும்வரை அதே நிலைதான். அதுவும் 2017இல் நின்றது.

வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பெற்றோர் வீட்டை அடமானம் வைத்துக் கட்டும் செலவு அது. அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு மட்டும் எந்தப் பெரிய விமானத்திலும் ஏறி உட்கார்ந்துவிட முடியாது. ஒவ்வொரு ரகத்துக்கும் தனியாக டைப் ரேட்டிங் வேண்டும்; வகுப்பு, சிமுலேட்டர், தேர்வு, அதற்கும் பல லட்சம் ரூபாய். ஏ320 ஓட்டுகிறவர் மறுநாள் 737 ஓட்ட முடியாது. அதனால்தான் கம்பெனி எந்த விமானத்தை வாங்குகிறது, எதைக் கழிக்கிறது என்ற செய்தியை நாம் வணிகப் பக்கத்தில் படித்துவிட்டுப் போக, விமானி வீட்டில் அதைப் பிள்ளைகளின் படிப்போடு சேர்த்துப் பேசுகிறார்கள்.

இரண்டாவது கேள்வி சீனியாரிட்டி நம்பர். யாருக்கு எப்போது கமாண்ட் என்னும் கேப்டன் பதவி, யார் பெரிய விமானத்துக்குப் போகிறார்கள், எந்த ஊரில் இருப்பது, பெரும்பாலும் எல்லாம் அந்த நம்பரைப் பிடித்துத்தான் நகரும்.

மார்கழியில் அக்கா மகனோடு வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்குப் போயிருந்தேன். அவன் ஃபர்ஸ்ட் ஆஃபீசர், அதாவது துணை விமானி. தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் இலை தெரியாத அளவுக்கு எச்சம் வெள்ளையாகப் படிந்திருந்தது. கரைக்குப் பக்கத்து மரத்தில் ஒரு நத்தைகுத்தி நாரை. மூடிய அலகின் நடுவே இருக்கும் இடைவெளி வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அவன் பறவையைப் பார்த்தது கொஞ்சம்தான். போனில் தன் லாக்புக்கைத் திறந்து காட்டினான். தேதி, ‘வி.டி.’ என்று தொடங்கும் பதிவெண், புறப்பட்ட ஊர், இறங்கிய ஊர், இரவில் பறந்த நேரம் என்று வரிவரியாக அவன் இளமை முழுக்க அதில் இருந்தது.

“இதுல இருக்கிற மணிக்கணக்கு என்னோடது மாமா. யாரும் பிடுங்க முடியாது. நம்பர் அப்படி இல்ல. கம்பெனி படுத்துட்டா அதுவும் சேர்ந்து படுத்துடும். பெரிய விமானம் வருதுங்கிறாங்க. அதுக்கும் வெளியாளைக் கூட்டிட்டு வந்தா நான் எவ்வளவு நாள் வரிசையில நிக்கிறது?”

அவன் பயத்தைக் கற்பனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2007இல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்சையும் இணைத்தார்கள். விமானிகளின் பட்டியலை இணைப்பது மட்டும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அந்த நேரத்தில் போயிங் 787 வரவிருந்தது. எங்கள் கம்பெனி ஆர்டர் கொடுத்த விமானம், பயிற்சி எங்களுக்குத்தான் என்றார்கள் பழைய ஏர் இந்தியா விமானிகள். இப்போது ஒரே கம்பெனிதானே, எங்களுக்கும் பங்கு உண்டு என்றார்கள் மற்றவர்கள். 2012 மே மாதம் தொடங்கிய வேலைநிறுத்தம் 58 நாள் நீண்டது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். வரப்போகும் விமானத்தில் யாருக்கு எந்த இடம் என்பதை இணைப்புக்கு முன்பே எழுதி வைக்காததுதான் கோளாறு.

2024இல் விஸ்தாராவும் அதே வாசலில் வந்து நின்றது. ஏர் இந்தியாவோடு இணைவதற்கு முன் புதிய சம்பள ஒப்பந்தம் வந்தது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதம் 70 மணி நேரத்துக்கு உறுதியாக இருந்த ஊதியம் 40 மணி நேரத்துக்கு என்று ஆனது. அந்த ஏப்ரலில் விமானிகள் இல்லாமல் விமானங்கள் ரத்தாயின.

வெளியாள் விஷயமும் கண்முன் நடப்பதுதான். இண்டிகோ நீண்ட தூரப் பயணத்துக்காகத் துருக்கி நிறுவனத்திடமிருந்து போயிங் 777களையும், 2025இல் நார்வேயின் நார்ஸ் அட்லாண்டிக்கிடமிருந்து 787களையும் விமானிகளோடு சேர்த்தே வாடகைக்கு எடுத்தது. சொந்தமாக ஏ350 வாங்க 2024 ஏப்ரலில் ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. அவை வந்து சேர ஆண்டுகள் ஆகும். இடைக்கால ஏற்பாடாக அது சரியான வணிக முடிவுதான். இடைக்காலம் எப்போது முடியும் என்று தெரியாததுதான் வரிசையில் நிற்பவனை உறுத்துகிறது.

வேடந்தாங்கல் ஏரியின் வரலாறு எனக்குப் பிடிபட்டது அன்று அங்கே நிற்கும்போதுதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக்குப் போய்க் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் அவர்கள் வயலுக்கு உரம். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ், யாரும் இங்கே பறவைக்குத் தீங்கு செய்யக் கூடாது என்று கவுல் என்னும் உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். 1858இல் அந்த உரிமை மறுபடி எழுத்தில் உறுதியானது.

அந்தக் கவுலில் மழைக்கு உறுதி இல்லை. ஏரி நிரம்பும் என்று எந்தக் கலெக்டராலும் எழுதித் தர முடியாது. மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி காய்ந்து கிடந்திருக்கிறது, பறவைகள் வேறு நீர்நிலை தேடிப் போயிருக்கின்றன. தண்ணீர் வந்த ஆண்டில் அவை திரும்பின, ஏனென்றால் இடையில் யாரும் துப்பாக்கியோடு அங்கே உட்காரவில்லை. பருவம் மனிதர் கையில் இல்லை, நடத்தை இருக்கிறது. கவுல் வாக்குக் கொடுத்தது மனிதர் கையில் இருந்ததற்கு மட்டும். இருநூறு ஆண்டுக்கு மேல் அந்த வாக்கு தாங்கியதற்குக் காரணம் அதுதான் என்று நம்புகிறேன்.

விமானக் கம்பெனிகளுக்கும் பருவம் உண்டு. எண்ணெய் விலை ஏறும், என்ஜின் பழுதாகும், போட்டியில் நொடித்துப்போகும். கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றபோது என்ஜின்களைத்தான் காரணம் காட்டியது. கம்பெனி என்றைக்கும் நிற்காது என்று எழுதித் தாருங்கள் என எந்த விமானியும் கேட்பதாக எனக்குத் தெரியவில்லை. நிற்கும்வரை எங்களிடம் எப்படி நடந்துகொள்வீர்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

விமானியின் நடத்தைக்கு மட்டும் இங்கே தெளிவான விதி இருக்கிறது. 2017 முதல் ஒரு கேப்டன் வேலையை விட்டுப் போக ஓர் ஆண்டு முன்னறிவிப்புத் தர வேண்டும், ஃபர்ஸ்ட் ஆஃபீசர் ஆறு மாதம். பயணிகள் தவிக்கக் கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணம், நல்ல காரணமே. ஆனால் 2019 ஏப்ரல் 17 இரவு ஜெட் ஏர்வேஸ் கடைசி விமானத்தை இயக்கியபோது அதன் விமானிகளுக்குப் பல மாதச் சம்பளமே பாக்கி இருந்தது.

அந்த விதியின் மறுபாதி இன்னும் எழுதப்படவில்லை. புதிய ரகம் வந்தால் சொந்த விமானிகளில் எத்தனை பேருக்கு, எந்த வரிசையில் பயிற்சி. வாடகை விமானத்தோடு வந்தவர்கள் எந்தத் தேதியில் இடத்தை விடுவார்கள். கம்பெனிகள் இணைந்தால் இரண்டு பட்டியல்களும் எந்தக் கணக்கில் ஒன்றாகும். கழிக்கப்படும் ரகத்தை ஓட்டியவரின் அடுத்த டைப் ரேட்டிங் யார் செலவில். இவை எதற்கும் எண்ணெய் விலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. விமானத்துக்கு ஆர்டர் கொடுக்கும் அன்றைக்கே, அதே மேசையில் எழுதிவிடலாம்.