நத்தார் விருந்தும் நமது மனச்சாட்சியும்

கிறிஸ்தவ நண்பரின் பண்டிகை விருந்தில் ஒரு முஸ்லிம் உண்ணலாமா என்ற கேள்வி டிசம்பர் வந்தால் நம்மிடையே தவறாமல் எழுகிறது. வேதம் வழங்கப்பட்டோரின் உணவை நமக்கும், நமது உணவை அவர்களுக்கும் ஆகுமாக்குகிறது சூறா அல்மாயிதாவின் 5ஆவது வசனம். பண்டிகைக்கெனச் சமைத்தது அதில் அடங்குமா என்ற விவாதத்தை உலமாக்களிடமே விட்டுவிடுகிறேன். என்னை உறுத்துவது நாம் அதிகம் பேசாத இரண்டாவது பாதி: நமது உணவு அவர்களுக்கு.

1998 முதல் 2000 வரை மூன்று ஆண்டுகள் நத்தார் தினம் ரமழானுக்குள் வந்தது. அப்போது நான் பேராதனையில் மாணவன். 1999இல் நாவலப்பிட்டியைச் சேர்ந்த கத்தோலிக்க நண்பன் எங்கள் நால்வரை வீட்டுக்கு அழைத்தான். நால்வரில் நான் ஒருவன்தான் நோன்பாளி. அந்த ஒருவனுக்காகப் பகல் விருந்தையே மஃரிபுக்குத் தள்ளிவைத்திருந்தார் அவனது தாய். வீட்டுச் சிறுவர்களும் பொறுத்திருந்தார்கள். கோழியை முஸ்லிம் கடையில் வாங்கிப் புதுச் சட்டியில் சமைத்திருந்தார். நத்தார் கேக்குக்கான பழங்களைப் பிராந்தியில் ஊறவைப்பது வழக்கம். எனக்கென்று தோடம்பழச் சாற்றில் ஊறவைத்துத் தனியாக ஒரு சிறு கேக் செய்திருந்தார்.

"இதுல ஒண்ணும் சேக்கல தம்பி, பயமில்லாம சாப்பிடுங்க" என்றார். பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத் தட்டை நீட்டியவரும் அவரே.

ஈஸா அலைஹிஸ்ஸலாம் எனக்கு நபி, அவர்களுக்கு இறைமகன். அந்த வேறுபாட்டை விருந்து அழிக்கவில்லை. அழிக்கும்படி யாரும் கேட்கவுமில்லை.

அடுத்த மார்ச்சில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. அதே நண்பன் அக்குறணையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தான். சஹனைச் சுற்றி அமர்ந்தோம். அவன் நெய்ச்சோற்றையும் அச்சாறையும் மட்டும் உண்டான். வயிறு சரியில்லை என்றான். "வெட்கப்படாம சாப்பிடுங்க மகன்" என்று உம்மா இறைச்சித் துண்டுகளை அவன் பக்கம் தள்ளிக்கொண்டேயிருந்தார். அவன் சிரித்துச் சமாளித்தான்.

அது தவக்காலம் என்பதும், அந்த நாற்பது நாளும் அவன் மாமிசம் தொடுவதில்லை என்பதும் சில ஆண்டுகளின் பின்னரே எனக்குத் தெரியவந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒங்க பெருநாள்ல அத எப்படி மச்சான் சொல்றது?" என்றான்.

அவனது தாய் என் மனச்சாட்சியை விசாரித்துச் சமைத்தார். நாங்களோ அவனுக்கு அப்படியொன்று இருக்குமென்றே எண்ணவில்லை. எங்களிடம் அன்புக்குக் குறைவிருக்கவில்லை. பெருநாளன்று அயல்வீடுகளுக்கு வட்டிலப்பம் அனுப்பாத முஸ்லிம் வீடு அரிது. ஆனால் கொடுப்பவன் தன் கையை மட்டும் பார்த்தால் அது தாராளம். உண்பவனின் முகத்தையும் பார்த்தால்தான் விருந்து. நாட்டில் சிறுபான்மையினரான நாம், நமது சஹனைச் சுற்றிப் பெரும்பான்மையினர். பெரும்பான்மையிடம் நாம் எதிர்பார்க்கும் கவனத்தை அங்கே நாம் கொடுத்தோமா?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் ஆலயங்களுக்குள் கொல்லப்பட்டவர்கள், இன்னொரு தவக்காலத்தை முடித்துக்கொண்டு வந்தவர்கள். கொன்றவர்கள் நமது மார்க்கத்தின் பெயரைச் சுமந்திருந்தார்கள். நண்பன் சொல்லியிராவிட்டால், அம்மக்கள் எந்த நோன்பை முடித்து வந்தார்கள் என்பதுகூட எனக்குத் தெரிந்திராது. அதன் பின்னர் சகவாழ்வு பற்றி நிறையப் பேசுகிறோம், இப்தாருக்கு அழைக்கிறோம். அழைக்குமுன், அவர்கள் எதை, எப்போது, ஏன் தவிர்க்கிறார்கள் என்று கேட்கிறோமா?

ஈஸா நபியின் சீடர்கள் வானிலிருந்து கேட்ட உணவுத்தட்டின் பெயரையே அந்த சூறா தாங்கி நிற்கிறது. அதை ஓதும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாயின் மேசை நினைவுக்கு வரும்.

நண்பன் சொன்னதை உம்மாவிடம் ஒருநாள் கூறினேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "நாம கேட்டிருக்கலாமே மகன்" என்றார்.